ஆர்ப்பாத் ஏலோவும் என் 1800-உம்

சதுரங்கம் ஆடும் நண்பர்கள் 'ஈலோ' என்ற சொல்லை நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். உனக்கு எத்தனை ஈலோ, அவனுக்கு எத்தனை ஈலோ என்ற பேச்சு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எழாத நாள் இல்லை. அது ஏதோ மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ஹங்கேரிய மொழியில் 'ஏலோ' என்று நீட்டி ஒலிக்க வேண்டும்; உயிரோடிருப்பது என்று பொருள். நம் படகுப் பாட்டின் ஏலேலோவுக்கும் அதற்கும் உறவு ஒன்றும் இல்லை!

அந்தப் பெயரைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. சென்ற ஆண்டு இங்குள்ள மொழிச் சங்கங்களுக்குள் நடந்த சதுரங்கப் போட்டிக்கு நால்வர் அணி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் கைபேசியில் உள்ள சதுரங்கச் செயலியை 1800 என்ற வலிமையில் நிறுத்தி, பாதிக்குப் பாதி வென்று வந்த காலம் அது. ஆகவே நான் 1800 என்று நானே முடிவு கட்டி, இரண்டாம் பலகையில் என்னை அமர்த்திக்கொண்டேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த முதலாண்டுத் தம்பி ஒருவர் தம்மையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். எத்தனை புள்ளி என்றேன். புள்ளி ஒன்றும் இல்லை அண்ணா, ஊரில் மாமாவோடு ஆடியதுதான் என்றார். அடுத்த ஆண்டு பார்ப்போம் தம்பி என்று அனுப்பிவிட்டேன். போட்டியில் நான்கு ஆட்டங்கள் ஆடினேன், மூன்றில் தோற்றேன். அன்றிரவு அந்தத் தம்பியை அழைத்து ஆடினேன். இரண்டு முறையும் தோற்றேன். எண் பொய்யா, நான் பொய்யா என்ற கேள்வி அன்று பிறந்தது.

ஆர்ப்பாத் ஏலோ 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று, அந்நாளைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். 1913-இல் பெற்றோருடன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். புது மொழி பேசும் ஊரில் போய் இறங்கும் பிள்ளையின் நிலையை நம் சங்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. இயற்பியல் கற்று, மில்வாக்கி நகரின் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1969-இல் ஓய்வு பெறும் வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்கேயே கற்பித்தார். விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர். 1939-இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். 1957-இல் மில்வாக்கியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனிடம் தோற்றார். அச்சிறுவன் பாபி பிஷர். இந்தத் தோல்வியைப் படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதல் ஏற்பட்டது.

அமெரிக்காவில் அதற்கு முன்பே ஒரு தரப்புள்ளி முறை வழக்கில் இருந்தது. அதைச் சீர்செய்யும் பணி ஏலோவிடம் வந்தது. அவர் அதனை ஆய்வுக்கூடக் கண்ணோடு பார்த்தார். ஒரே கம்பியின் நீளத்தை நூறு முறை அளந்தால் நூறு விடை வரும்; அவை ஒரு நடுமதிப்பைச் சுற்றி மணி வடிவில் பரவி நிற்கும். ஆட்டக்காரரின் திறமையும் அத்தகையதே என்று அவர் கொண்டார். ஒருவர் ஒரு நாள் நன்றாக ஆடுவார், ஒரு நாள் சோர்ந்து ஆடுவார். இருவருக்கும் இடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், 100 ஆட்டங்களில் வலியவர் ஏறத்தாழ 76 புள்ளி எடுக்க வேண்டும். 400 ஆனால் 90-க்கு மேல். எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். இவ்வளவே அந்த முறையின் உயிர். 1960-இல் அமெரிக்கக் கூட்டமைப்பும் 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் அதை ஏற்றன. உலகப் பட்டியலுக்கான கணக்கைப் பேராசிரியரே சில ஆண்டுகள் ஒரு சிறு கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு போட்டார். 1978-இல் தம் முறையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

நான் தவறவிட்ட செய்தி இங்கேதான் இருக்கிறது. அவருடைய கணக்கில் பொருள் உள்ளது வேறுபாட்டுக்கு மட்டுமே. 1800 என்பது தனியாக நின்றால் ஒன்றையும் குறிக்காது. எல்லார் எண்ணிலும் ஆயிரத்தைக் கூட்டினாலும் கணக்கு மாறாது. ஒருவரோடொருவர் ஆடிக் கலந்த கூட்டத்துக்குள்தான் எண்களை ஒப்பிடலாம். வெப்பவியல் படித்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள்: ஒரே நீரில் ஒருபோதும் நனையாத இரண்டு வெப்பமானிகள், தத்தம் அளவுக்கோடுகளை வெவ்வேறு இடத்தில் கீறிக்கொண்டவை, அவற்றின் எண்களை எப்படி ஒப்பிடுவது? (வெவ்வேறு பாடத்திட்டத்து மதிப்பெண்களைப் பக்கத்தில் வைத்து நம்மை எடைபோடுவோர்க்கும் இதைச் சொல்லலாம், இப்போது வேண்டாம்.)

1990களில் வர்ஜீனியாச் சிறையில் ஓர் ஆயுள் கைதி, உடனிருந்த கைதிகளோடு மட்டுமே ஆடி ஆடி 2700-க்கு மேல் ஏறி, அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கு அருகில் போய் நின்றார். கணக்கில் பிழை இல்லை. கூட்டம்தான் மூடிய கூட்டம்.

ஏலோ 1992 நவம்பர் 5 அன்று விஸ்கான்சினில் காலமானார். ஐந்தாண்டு கழித்து 'டீப் புளூ' இயந்திரம் காஸ்பரோவை 3½–2½ என்று வென்றது. 2005-இல் 'ஹைட்ரா' ஆங்கிலேயர் ஆடம்சை 5½–½ என்று நசுக்கியது. 2006-இல் உலக வெற்றியாளர் கிராம்னிக் 'டீப் பிரிட்ஸ்' இடம் 4–2 என்று தோற்றார். அதன் பிறகு மனிதரும் இயந்திரமும் சமமாக அமர்ந்து ஆடும் பெரும் போட்டிகள் ஏறக்குறைய நின்றே போயின. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு யார் பரிசு வைப்பார்கள்?

விளைவு, இயந்திரங்கள் இயந்திரங்களோடு ஆடியே எண் பெறுகின்றன. ஸ்வீடன் நாட்டுக் கணினிச் சதுரங்கச் சங்கத்தார், தொடக்கத்தில் மனிதரோடு நடந்த ஆட்டங்களைக் கொண்டு தம் பட்டியலை நிலைநிறுத்தினார்கள். எண்கள் மிகையாக இருப்பதைக் கண்டு 2000-இல் எல்லாவற்றிலும் 100 புள்ளியைக் குறைத்தார்கள். அப்படிக் குறைப்பதற்கும் மனிதரோடு ஆடிய சில ஆட்டங்களாவது வேண்டுமன்றோ? மனிதரில் உச்சமாக, 2014-இல் கார்ல்சன் 2882 தொட்டார். இயந்திரப் பட்டியல்களில் 3600-ஐக் காண்கிறோம். இயந்திரம் வலியது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அந்த 700 புள்ளி வேறுபாடு மனிதக் கோலால் அளந்ததன்று.

கைபேசியின் 1800 இன்னும் வேறு வகை. 'ஸ்டாக்பிஷ்' என்ற புகழ்பெற்ற நிரலில் வலிமையைக் குறைக்கும் எண்ணை, மற்ற நிரல்களோடு ஆடவைத்துத்தான் அமைத்திருக்கிறார்கள். அது குறைந்த வலிமையில் ஆடும்போது இருபது நகர்த்தல்கள் பேராசான் போல ஆடி, திடீரென்று காரணமின்றிக் குதிரையைத் தூக்கிக் கொடுக்கும். மனிதன் அப்படித் தவறுவதில்லை. அவன் களைத்துத் தவறுவான், பயந்து தவறுவான், ஆசைப்பட்டுத் தவறுவான். குதிரை வந்து விழும்வரை காத்திருக்க நான் நன்றாகக் கற்றிருந்தேன். வங்காளச் சங்கத்து நண்பர் குதிரையைத் தரவில்லை. இப்போது மனித ஆட்டங்களையே பயிற்சியாகக் கொண்டு மனிதரைப் போலத் தவறும் 'மாயா' என்ற நிரல் 2020-இல் வந்திருக்கிறது. அதோடு ஆடிப் பார்த்தேன். என் வெற்றிகள் சட்டென்று குறைந்தன.

இவ்வாண்டு அணித் தேர்வுக்கு யாரிடமும் எண் கேட்கவில்லை. விடுதிப் படிப்பறையில் இரண்டு ஞாயிறு, ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் ஆடினோம். விருதுநகர்த் தம்பி முதல் பலகை. நான் ஐந்தாமவன், யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடுவேன்.