நிஜ ‘ராபின்சன் குரூசோ’வின் ஊருக்கு ஒரு விசிட்!

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், ஃபைஃப் பகுதியில் இருக்கு லோயர் லார்கோ என்ற குட்டி மீனவ கிராமம். அதன் மெயின் தெருவில், ஒரு வீட்டுச் சுவர் மாடத்தில், ஆட்டுத்தோல் உடுத்திய ஒருவரின் சிலை நிற்குது. ஸ்கூல்ல ‘ராபின்சன் குரூசோ’ படிச்சிருப்பீங்களே? அந்தக் கதைக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுற அலெக்சாண்டர் செல்கிர்க் இவர்தான்.

1676-ல் இங்கேதான் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிட்டு, செருப்பு தைக்கிற தொழில். பையனுக்கோ மூக்கு மேல கோபம். தெரியாம உப்புத்தண்ணீரைக் குடிச்சப்போ கூடப்பிறந்தவர் சிரிச்சுட்டாராம். வீட்டுக்குள்ள அடிதடியாகி, சர்ச் விசாரணை வரை போயிடுச்சு.

1703-ல் கடல் பயணம் கிளம்பினார். அடுத்த வருஷம், சிலி நாட்டுக்கு அப்பால் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் கப்பல் நின்னப்போ கேப்டனோட பெரிய சண்டை. கப்பல் மரத்தைப் புழு அரிச்சிடுச்சு, இதில் வர்றதுக்கு இங்கேயே இருந்துடலாம்னு அடம்பிடிச்சார். கேப்டனும் இறக்கி விட்டுட்டார். உடனே மனசு மாறிக் கெஞ்சியும் பலன் இல்லை. கையில் ஒரு துப்பாக்கி, கோடரி, சமைக்க ஒரு பாத்திரம், பைபிள். அவ்வளவுதான்.

4 வருஷம், 4 மாசம் தனிமை. ராத்திரி எலிகள் கடிச்சதால காட்டுப் பூனைகளைப் பழக்கிக்கிட்டார். துப்பாக்கி மருந்து தீர்ந்ததும் வெறுங்காலோடு ஓடியே ஆடு பிடிச்சார். உடுப்பு கிழிஞ்சதும் ஆட்டுத்தோலைத் தைச்சுப் போட்டுக்கிட்டார். அப்பாவோட தொழில் அங்கேதான் கைகொடுத்தது! ஒருமுறை கப்பல் தெரிஞ்சு ஓடினால், வந்தது எதிரிகளான ஸ்பானியர்கள். மரத்தில் ஒளிஞ்சு தப்பிச்சார்.

அவர் பயந்தது சரிதான். அந்தக் கப்பல் பிறகு மூழ்கிப்போச்சு. பிழைச்சவங்க ஸ்பானியர்களிடம் கைதிகள் ஆனாங்க. பிடிவாதம் ஒருத்தர் உயிரைக் காப்பாத்தின அபூர்வக் கதை இது.

1709 பிப்ரவரியில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் அவரை மீட்டது. 1711-ல் இங்கிலாந்து வந்து, அப்புறம் கைநிறைய பணத்தோடு லார்கோவுக்கும் போனார். ஆனா, ஊரோடு ஒட்டவே முடியலை. வீட்டுக்குப் பின்னாடி குகை மாதிரி ஓர் இடம் அமைச்சு அதிலேயே உட்கார்ந்திருப்பார்னு ஊர்ல சொல்வாங்க. எனக்கு இந்தக் கதையிலேயே மனசைப் பிசையுற இடம் இதுதான். மறுபடி கடலுக்கே போனார். 1719-ல் டேனியல் டீஃபோ எழுதிய ‘குரூசோ’ வெளியாச்சு. 1721-ல் ஆப்பிரிக்கக் கடலோரம் கப்பல்லயே காய்ச்சலில் செல்கிர்க் இறந்தார். உடல் கடலுக்குத்தான் போனது. அதனால லார்கோவில் கல்லறை கிடையாது, 1885-ல் வச்ச இந்தச் சிலை மட்டும்தான்.

சிலையைப் பார்த்துட்டு அப்படியே கிளம்பிடாதீங்க. ஊர் வழியா போற ஃபைஃப் கடற்கரை நடைபாதையில் கிழக்கே போனா ஈலி கடற்கரை. இன்னும் தள்ளி ஆன்ஸ்ட்ரதரில் மீன்பிடி அருங்காட்சியகம். கோல்ஃப் பிரியர்களுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸும் பக்கம்தான். திரும்பும்போது எடின்பர்க் தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு எட்டு போங்க. செல்கிர்க்கோட மரப்பெட்டியும், தேங்காய்ச் சிரட்டைக் கோப்பையும் அங்கேதான் இருக்கு.