நடராச முதலியார்

ஜவ்வாது மலைக்கு வடக்கே அமைந்த வேலூரில், 1885ஆம் ஆண்டு பிறந்தவர் நடராச முதலியார். சென்னையில் மோட்டார் உறுப்புகள் விற்கும் வாணிகத்தில் பொருளீட்டினார். ஆயினும், வெண்திரையில் அசையும் படங்களே அவருள்ளத்தைக் கவர்ந்தன. தாமும் அத்தகைய படம் எடுக்க விழைந்தார். கற்பிக்கும் பள்ளியோ, கருவிகள் நிறைந்த கூடமோ அந்நாளில் தென்னாட்டில் இல்லை. எனவே, புனாவுக்குச் சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கில ஒளிப்பதிவாளரிடம் படக்கருவியைக் கையாளும் முறையைப் பயின்றார். வாணிக நண்பர்கள் பணம் முதலிட இசைந்தனர்.

1917ஆம் ஆண்டளவில் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புக் கூடம் எழுந்தது. படச்சுருளைக் கழுவுவதற்குச் சென்னையின் வெப்பம் ஏற்றதன்று. ஆதலின், குளிர்ந்த பெங்களூரில் ஆய்வகம் அமைத்தார். எத்துணை அலைச்சல்! முப்பத்தைந்து நாட்களில், ஏறத்தாழ 35,000 ரூபாய்ச் செலவில், ‘கீசக வதம்’ உருவாயிற்று. தென்னாட்டின் முதல் ஊமைப்படம் அதுவே. பேச்சில்லாத அப்படத்தின் கதையை உணர்த்தத் தமிழ், ஆங்கிலம் முதலிய மொழிகளில் எழுத்துகள் இடையிடையே தோன்றின. வரவு செலவை விஞ்சியது. மேலும் சில புராணப் படங்கள் எடுத்தார்.

பின்னர்க் கூடத்தில் தீப்பற்றியது, மகனும் இறந்தான். மனமுடைந்த முதலியார் 1923இல் படத்தொழிலை விட்டொழிந்தார். அவர் 1971 வரை வாழ்ந்திருந்தார். ‘கீசக வதம்’ படச்சுருளில் ஒரு துண்டேனும் இன்று கிடைக்கவில்லை.