காவிரி நாட்டுக்கு அணை தந்த காட்டன் துரை

உலகிற் பிறந்து மறைந்தோர் எண்ணிறந்தவர். அவருள் ஒரு சிலரே, தாம் மறைந்த பின்னரும், தம் பெயரையும் அறியாத மக்கள் நாள்தோறும் உண்ணுஞ் சோற்றிலே வாழ்ந்து வருகின்றனர். அத்தகையார் ஒருவருடைய வரலாற்றையே இம்மாதம் நம் சங்கத்து அன்பர்க்குச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம். அவர்தாம் சர் ஆர்தர் தாமஸ் காட்டன் என்னும் பொறியாளர். அவர் நம் மொழியினர் அல்லர். நம் நாட்டினர் அல்லர். இந்நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் ஊதியம் பெற்ற படைத்துறை ஊழியர். ஆயினும், சுவாமிமலை முதலாகக் காவிரியின் இருகரையிலும் வாழும் நம்மனோர் அவரை அறியாதிருத்தல் முறையன்று. அரசாங்கத்தார் உழவர்க்கென வகுக்குந் திட்டம் எவ்வாறு பயன் தரும், எவ்வாறு பழுதுபடும் என்னும் இரண்டனையும் அவர் வாழ்க்கை ஒருங்கே காட்டவல்லது.

காட்டன் துரை 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றி கால்வெலி காட்டன் என்பவர். அவருடைய புதல்வருள் இவர் பத்தாமவர். பதினைந்தாம் வயதில் அடிஸ்கோம் என்னுமிடத்திருந்த கம்பெனியாரின் படைக் கல்லூரியிற் சேர்ந்து பயின்று, 1819-இல் சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்றார். 1821-இல் இந்தியா போந்தார். முதலிற் பாம்பன் கால்வாயை அளக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர்ப் பர்மியப் போரிலுஞ் சென்று மீண்டார். இவ்வாறு படைக்கலம் ஏந்திய கையே பின்னாளில் நம் ஆற்றுக்கு அணை கோலும் கையாயிற்று.

1828-ஆம் ஆண்டளவிற் காவிரிப் பாசனத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு அவர்பால் வந்து சேர்ந்தது. அந்நாளிற் காவிரி இருந்த நிலையை நாம் உணர்ந்தாலன்றி அவர் செய்த பணியின் அருமை விளங்காது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்திற் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலமே திருவரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, ஓட்டம் விரைந்தது. காவிரியின் ஓட்டமோ மெல்லியது. மெல்லெனச் செல்லும் நீர் தான் சுமந்துவரும் வண்டலை வழியிலேயே இறக்கிவிடும். சுவாமிமலைச் சிற்பியர் மெழுகுருவின்மீது பூசிக் கருக்கட்டும் நுண்ணிய வண்டல் எங்கிருந்து வருகின்றது என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். சிற்பிக்கு வரமாகிய அவ்வண்டலே ஆற்றுக்குச் சாபமாயிற்று. ஆண்டுதோறும் காவிரியின் தலைப்பு மேடிட்டது. நீரெல்லாம் பள்ளம் நாடிக் கொள்ளிடத்திற் புகுந்து, பயனின்றிக் கடலை அடைந்தது. தஞ்சை மண்டலத்து நன்செய்கள் நீரின்றிக் காய்ந்தன. கடைமடை ஊர்கள் விளைவு குன்றின. வரி மட்டும் குன்றவில்லை.

இந்நோய்க்கு மருந்து தேடிய காட்டன் துரை, முதற்கண் சென்று பயின்ற கல்விச்சாலை கல்லணையே ஆகும். திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியில், காவிரி நீர் கொள்ளிடத்திற் சரிந்து போகாவண்ணம் கரிகாற் பெருவளத்தான் அமைத்ததென வழங்கும் அவ்வணையை அறியாதார் நம்முள் இலர். ஆழங்காணவியலாத மணற்படுகையில், பாறையடித்தளம் சிறிதுமின்றி, பெருங்கற்களை இட்டு நிரப்பி, அவை தம் எடையாலேயே அமிழ்ந்து அமைந்து நிலைபெறுமாறு செய்த பண்டையோர் நுட்பத்தை அவர் ஆராய்ந்து வியந்தார். மணலின்மீது அணை கட்டும் வித்தையைத் தாம் கற்றது அப்பெயரறியாத் தமிழ்த் தச்சரிடத்தேதான் என்பதைப் பிற்காலத்தும் அவர் மறையாது ஒப்புக்கொண்டார். ஆளவந்த இனத்தவர் ஒருவர், ஆளப்பட்டாருடைய முன்னோரை ஆசானாக ஏற்றுக்கொண்டமை சிறிய செயலன்று. 1830-ஆம் ஆண்டளவில் அவர் கல்லணையில் மணற்போக்கிகளை அமைத்து, சேர்ந்த மணல் அடித்துச் செல்லப்பட வழிசெய்தார். இடையே நோய்வாய்ப்பட்டுத் தாய்நாடு சென்று திரும்பியும், தொடங்கிய எண்ணத்தை அவர் கைவிட்டிலர்.

1836-ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் உருப்பெற்றது. முக்கொம்பிற் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. நம் நாட்டார் கிணறு இறக்கும் முறையைப் பின்பற்றி, வட்டக் கிணறுகளை மணலிற் புதைத்து, அவற்றின்மேல் தளமிட்டு அவ்வணை கட்டப்பெற்றது. கொள்ளிடத்தின் வாய் உயரவே, நீர் தானே காவிரியிற் பாய்ந்தது. ஆயினும், மேலே நீரை மறித்தால் கீழே கொள்ளிடத்தை நம்பியிருந்த உழவர் கதி யாதாகும்? ஒருவன் வயலுக்கு நீர் பாய்ச்ச மற்றொருவன் வயலைக் காயவிடுதல் நீதியன்று. ஆதலின் அவ்வாண்டிலேயே அணைக்கரை என்னுமிடத்திற் கீழணையும் கட்டப்பெற்றது. அங்கிருந்து வடவாறு சென்று வீராணம் ஏரியை நிறைக்கின்றது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் இருபுறமும் பாய்கின்றன. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், சீகாழிப் பக்கத்து நன்செய்கள் அதனால் உயிர்த்தன. அவ்வீராணத்து நீரே 2004-ஆம் ஆண்டு முதற் சென்னை மாநகர மக்களின் தாகத்தையும் தணித்து வருகின்றது.

இனி, அத்திட்டத்தால் விளைந்த குறைகளையும் நாம் கூறாது விடல் தகாது. மேலணை எண்ணியதினும் மிகுதியாகப் பயன் தந்தது. காவிரியில் அளவுக்கு மீறி நீர் புகுந்து அதன் தலைப்பை அரிக்கத் தொடங்கிற்று. ஆகவே 1840-களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் தடுப்பு அமைக்கவும் நேர்ந்தது. ஆற்றை அடக்குவார் ஒருமுறை கட்டிவிட்டு உறங்குதல் இயலாது என்பதற்கு இதுவே சான்று.

மற்றொரு குறையோ நம் நெஞ்சைப் புண்படுத்துவது. கீழணைக்குக் கருங்கல் வேண்டியிருந்தது. அண்மையிலிருந்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் திருமதிலை இடித்து அக்கற்களைக் கொண்டுசென்றனர். ஊரார் தடுத்தனர்; தடுத்தவர் தண்டனை பெற்றனர். கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக அதிகாரிகள் வாக்களித்தனர், அவ்வாக்கு நிறைவேறவில்லை. முதலாம் இராசேந்திர சோழன் எடுத்த மதில் இவ்வாறு ஆற்றின் குறுக்கே அணையாகக் கிடக்கின்றது. உழவர்க்கு நீர் தந்த திட்டமே உழவருடைய கோயிலைச் சிதைத்தது. நன்மை செய்வார் தாம் செய்யும் நன்மையின் பெயராலேயே, அதனைப் பெறுவாரைக் கேளாமல், அவர்தம் பொருளில் கைவைத்தல் எந்நாளும் எவ்வரசுக்கும் இயல்பாகி வருகின்றது. நன்றி பாராட்டுதல் வேறு. கண்ணை மூடிக்கொள்ளுதல் வேறு. அணையையும் நினைப்போம், இடிந்த மதிலையும் நினைப்போம்.

காட்டன் துரையின் சிந்தை விளைவிப்பதோடு நின்றதன்று. விளைந்தது விலைபோக வேண்டும் என்பதிலும் அவர் கருத்தூன்றினார். சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து சாலைக்குரிய கல்லை ஏற்றிவர 1837-இல் அவர் முயற்சியால் இருப்புப்பாதை ஒன்று அமைந்தது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை அதுவே என்பர். எனினும் அவர் உள்ளம் பெரிதும் நாடியது நீர்வழியையே. அதற்குரிய பெருங்களம் கோதாவரிக் கரையில் வாய்த்தது. 1830-களிற் கொடும் பஞ்சங்களால் நலிந்து மக்கட்டொகை குன்றியிருந்த அந்நாட்டில், பேராறு ஒன்று கரைபுரண்டு கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் குறுக்கே தவளேசுவரத்தில், ஏறத்தாழ இரண்டேகால் மைல் நீளமுள்ள அணைத்தொகுதியை 1847-இல் தொடங்கி 1852-இல் முடித்தார். வீணம் வீரண்ணா என்னும் ஆந்திரர் அப்பணியில் அவருக்கு வலக்கையாய் நின்று ஆட்களைத் திரட்டி நடத்தினார். அங்கே வெட்டிய கால்வாய்கள் வயலுக்கு நீர் கொணர்ந்தன. அறுவடைக்குப் பின் அவையே படகுச் சாலையாகி நெல்லைச் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் கொண்டுசென்றன. ஒரே வாய்க்கால் விளைவுக்கும் விற்பனைக்கும் உதவிய அந்நுட்பம் எண்ணி மகிழ்தற்குரியது. கோதாவரி மாவட்டத்து மக்கள் இன்றும் ஊர்தோறும் அவருக்குச் சிலை நிறுவி, மே 15-ஆம் நாளில் மாலை சூட்டி வழிபடுகின்றனர்.

இவ்வளவும் எளிதில் நிகழ்ந்தனவல்ல. ஒவ்வொரு காசுக்கும் அவர் மேலதிகாரிகளோடு வழக்காட வேண்டியிருந்தது. முற்காலத்து அரசர் ஏரியும் கால்வாயும் அமைத்துக் காத்துவர, கம்பெனியார் வரியை மட்டும் வாங்கிக்கொண்டு மராமத்தை மறந்தனர் என்று அவர் அஞ்சாது எழுதினார். 1854-இல் இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1860-இல் ஓய்வு பெற்றார்; மறு ஆண்டில் சர் பட்டம் எய்தினார். அவர் எண்ணிய யாவும் வென்றன என்றுங் கூறுதற்கில்லை. அவர் ஊக்கத்தால் தனியார் கம்பெனி ஒன்று வெட்டிய கர்நூல்–கடப்பைக் கால்வாய் பெருஞ் செலவிழுத்து நட்டமுற்று, 1882-இல் அரசாங்கத்தாரால் விலைக்கு வாங்கப்பெற்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடிற்று. இருப்புப்பாதைக்குக் கோடி கோடியாகச் செலவிட்டும் மக்கள் மாண்டமைக்கு, நீர்ப்பணியைப் புறக்கணித்தமையே காரணம் என்று அவர் வாதித்தார். 1878-இற் பாராளுமன்றக் குழுவின் முன் முதுமையில் நின்று விடையிறுத்தார். அக்குழுவினரோ அவர் கருத்துக்கு இசைந்திலர். மனம் தளராத அம்முதியவர் டார்க்கிங் என்னும் ஊரில் தம் தோட்டத்து மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விளைவைப் பெருக்கும் சோதனையில் ஈடுபட்டிருந்து, 1899-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் உயிர் நீத்தார்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? திட்டத்தின் பெருமை அதற்கு ஒதுக்கிய தொகையில் இல்லை. திறப்பு விழாவின் ஆரவாரத்திலும் இல்லை. கடைமடைக்கு நீர் சென்றதா, கடையனுக்குப் பயன் சென்றதா என்பதே அதன் உரைகல். காட்டன் துரையின் அணைகள் நிலத்தின் கடைமடையை எட்டின. மக்களின் கடைமடையை எட்டவில்லை. நீர் மிகுந்தபோது நிலமுடையார் களஞ்சியம் நிறைந்தது. சேற்றில் இறங்கி நட்டவருக்கும் அறுத்தவருக்கும் உரிய பங்கு வந்திலது. அவர்க்குச் சட்டத்தின் காவல் வருதற்கு, 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரையிற் காத்திருக்க நேர்ந்தது. அணைக்கும் அச்சட்டத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேலான இடைவெளி உண்டு என்பதை நிலமுடைய நம் குடும்பத்தார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அணையும் தானே நிலைத்திராது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, பருவத்தில் நீர் திறக்கும் ஒழுங்கு ஏற்பட்ட பின்னரும், நீரைப் பிரித்தளிக்கும் பொறுப்பு முக்கொம்புக்கும் கல்லணைக்குமே இருந்தது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள், கொள்ளிடப் பெருக்கில் மேலணையின் ஒன்பது கதவுகள் அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டு தாங்கிய கட்டடம் ஓரிரவில் உடைந்தது. பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பெற்றது. பழையதன் வலிமையை நம்பிப் பராமரிப்பை மறத்தல் எத்துணைக் கேடு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பேரணைகளை அரசாங்கத்தார் காக்கட்டும்; ஊர் வாய்க்காலைக் காப்பவர் யார்? குடிமராமத்து என்பது நம் முன்னோர் பெயரிட்டு வைத்த கடமை. வீட்டுக்கொருவர் மண்வெட்டியோடு சென்று தூர்வாரிய அவ்வழக்கம் மறைந்தபின், 2017-இல் அப்பெயராலேயே தமிழக அரசு திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. பெயரை மீட்க அரசாணை போதும். பொருளை மீட்க ஊரார் வேண்டும். குறுவைக்கு முன் நம் வாய்க்காலில் எவ்வளவு மண் அள்ளப்பெற்றது என்பதைக் காகிதத்திற் படித்து அமையாது, கரையில் நின்று காண வேண்டும். அவ்வாறே விற்பனையிலும் நம் கண் செல்லுதல் வேண்டும். நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வந்தமையால் உழவர் தரகர்க்கு அஞ்சாது நெல்லை அளக்க வழி பிறந்தது உண்மையே. ஆயினும், குவித்த நெல் எடைபோடக் காத்திருக்கையில் மழை பெய்தால் முளைகட்டிப் போகின்றது. வயலுக்கு நீர் கொணர்ந்த கால்வாயே சந்தைக்கும் வழியாக வேண்டுமென எண்ணிய காட்டன் துரை இன்று இருப்பின், களத்துக்கும் கிடங்குக்கும் இடைப்பட்ட அச்சிறு தொலைவையே முதலில் அளந்திருப்பார்.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்காள், நாம் வேண்டுவது இரண்டே. ஊரில் எத்திட்டம் வரினும் அதனைக் கண்ணை மூடிப் புகழவும் வேண்டா. கசந்து ஒதுக்கவும் வேண்டா. அதன் நீர் யார் வயலை அடைகின்றது, யார் மதிலை இடிக்கின்றது என்று கேட்டு அறிமின். அடுத்து, பள்ளியிற் பயிலும் நம் சிறுவருள் ஒருவரேனும் நீர்ப்பொறியியல் கற்று, பெற்றோரோடு கல்லணைக்குச் சென்று, அக்கற்களையும் மணலையும் நின்று நோக்குமாறு செய்மின். பிற நாட்டார் ஒருவர் நம் முன்னோரிடம் கற்று நமக்கு அணை கட்டித் தந்தார். நம் மக்கள் தம் முன்னோரிடம் தாமே கற்றுக்கொள்ளுதல் அதனினும் எளிதன்றோ!