முகாமைத்துவ முன்னோடிகள்: கலாநிதி லிலியன் கில்பிரெத் (1878 – 1972)



முகாமைத்துவச் சிந்தனையின் வளர்ச்சியைக் கற்கும்போது பிரெட்ரிக் டெய்லர், ஹென்றி பயோல், எல்டன் மேயோ ஆகியோரின் பெயர்களை மனனஞ் செய்திருப்பீர்கள். கில்பிரெத் தம்பதியினரின் பெயர் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து போகும். அவர்களுள் மனைவியான லிலியனின் வாழ்க்கையை அறிந்துகொண்டால், விஞ்ஞான முறை முகாமைத்துவம் எவ்வாறு மனிதவள முகாமைத்துவத்தை நோக்கி நகர்ந்தது என்பது உங்களுக்குத் தெளிவாகும்.

இளமையும் கல்வியும்

லிலியன் மோலர் 1878 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஓக்லண்ட் நகரிற் பிறந்தார். வசதியான குடும்பத்துப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகக் கல்வி தேவையில்லை என்பது தந்தையின் எண்ணம். வீட்டிலிருந்தே சென்று வந்து படிப்பதாகக் கூறி அவரைச் சம்மதிக்க வைத்தார் லிலியன். 1900 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டம் பெற்றபோது, அங்கு பட்டமளிப்பு விழாவில் உரையாற்றிய முதற் பெண் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

இலக்கியத்தில் மேற்படிப்பைத் தொடர நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர் நாடிச் சென்ற பேராசிரியரோ பெண்களைத் தமது வகுப்பிற் சேர்ப்பதில்லை. ஆகவே எட்வர்ட் தோண்டைக்கிடம் உளவியல் கற்றார். நோயுற்றதால் ஊர் திரும்பி, 1902 இல் கலிபோர்னியாவிலேயே முதுமாணிப் பட்டத்தை முடித்தார். தற்செயலாகக் கற்ற அந்த உளவியலே பின்னர் அவரது வாழ்க்கைப் பணிக்கு அடிப்படையாயிற்று.

அசைவு ஆய்வு

1904 இல் அவர் பிராங்க் கில்பிரெத்தைத் திருமணஞ் செய்தார். பிராங்க் பல்கலைக்கழகம் செல்லாதவர். 17 வயதிற் செங்கல் அடுக்கும் தொழிலைப் பழகத் தொடங்கி, கட்டட ஒப்பந்தகாரராக உயர்ந்தவர். ஒரு கல்லை வைப்பதற்குத் தொழிலாளி 18 அசைவுகளைச் செய்வதைக் கண்டு, கற்களைக் கையெட்டும் உயரத்தில் வைக்கும் சாரத்தை அமைத்து, அவற்றை நாலரையாகக் குறைத்தார்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். டெய்லர் நிறுத்தற் கடிகாரத்தைக் கொண்டு வேலைக்குச் செலவாகும் நேரத்தை அளந்தார். கில்பிரெத் தம்பதியினர் திரைப்படக் கருவியைக் கொண்டு தொழிலாளியின் அசைவுகளையும் களைப்பையும் ஆராய்ந்தனர். தொழிலாளியை விரைவாக இயங்கச் செய்வதைவிட, வீண் அசைவுகளை நீக்கி அவரது உடலைக் காப்பதே அவர்களின் வழியாக இருந்தது.

இவ்வழியில் மனிதரைப் பற்றிய பகுதிக்கு லிலியனின் உளவியலறிவு துணைநின்றது. ஓய்வு நேரம், பொருத்தமான இருக்கை, ஊழியரின் ஆலோசனைகளைப் பெறல் முதலியவற்றை அவர்கள் வலியுறுத்தினர். பதவி உயர்வுக்கு ‘மூன்று நிலைத் திட்டம்’ ஒன்றையும் வகுத்தனர். இதன்படி ஒவ்வோர் ஊழியரும் தமது வேலையைச் செய்கிறார். தமக்குக் கீழுள்ளவரைப் பயிற்றுகிறார். தமக்கு மேலுள்ள பதவியின் வேலையையும் கற்றுக்கொள்கிறார். பயிற்சி, பதவி உயர்வு, அடுத்த பதவியாளரைத் தயார்ப்படுத்தல் என்று இன்று தனித்தனியே நீங்கள் கற்பவை இத்திட்டத்தில் ஒன்றாக அடங்கியுள்ளன.

மறுக்கப்பட்ட பட்டம்

முகாமைத்துவத்தின் உளவியல் பற்றி லிலியன் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால் வளாகத்தில் ஓராண்டு தங்கிப் படித்திருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது. சிறு பிள்ளைகளுடன் நாட்டின் மறுகரையில் வாழ்ந்த அவரால் அது இயலாத காரியம். அதே காலத்தில், 1912 இல், அவரது இரண்டாவது மகள் தொண்டைக்கரப்பான் நோயால் இறந்தாள்.

அந்த ஆய்வேடு 1914 இல் நூலாக வெளிவந்தது. எழுதியவர் பெண் என்பது தெரியக்கூடாது எனப் பதிப்பாளர் விரும்பியதால், நூலில் அவரது பெயர் முதலெழுத்துகளுடன் மட்டுமே அச்சிடப்பட்டது. ஹோதோர்ன் ஆய்வுகள் 1924 இல் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, முகாமைத்துவத்தில் மனித மனத்திற்கு உள்ள இடத்தை இந்நூல் எடுத்துக்காட்டியது. அவரோ பட்டத்தைக் கைவிடவில்லை. பிரவுண் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, ஆசிரியர்களின் வேலையில் ஏற்படும் விரயத்தைப் பற்றிப் புதியதோர் ஆய்வேட்டை எழுதி, 1915 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

தனித்து நின்ற காலம்

1924 ஜூன் 14 இல் பிராங்க் மாரடைப்பால் திடீரெனக் காலமானார். பதினொரு பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு இரண்டு வயது. சில நாட்களிலேயே லிலியன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, கணவர் கலந்துகொள்ளவிருந்த மாநாடுகளில் அவருக்குப் பதிலாகப் பங்குபற்றினார். நாடு திரும்பியபோது, பெண்ணின் ஆலோசனையை ஏற்க விரும்பாத நிறுவனங்கள் பல ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கவில்லை.

தொழிற்சாலைக் கதவுகள் மூடப்படவே, அவர் தம் வீட்டிலேயே அசைவு ஆய்வுப் பயிற்சி வகுப்பை நடத்தினார். சமையலறை வேலையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அடுப்பு, மேசை, பாத்திரங்கள் ஆகியவற்றை எங்கே வைத்தால் நடை குறையும் எனத் திட்டமிட்டார். பிற்காலத்தில் இதய நோயாளருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ஏற்ற சமையலறைகளை வடிவமைக்கவும் இவ்வறிவு பயன்பட்டது.

பேராசிரியர் பதவியும் இறுதிக்காலமும்

1935 இல் பேடியூ பல்கலைக்கழகம் அவரை முகாமைத்துவப் பேராசிரியராக நியமித்தது. அங்கு பொறியியற் பீடத்தில் பேராசிரியரான முதற் பெண் அவரே. 1948 வரை அங்கு கற்பித்தார். 1965 இல் அமெரிக்கத் தேசிய பொறியியற் கழகத்துக்குத் தெரிவான முதற் பெண்ணானார். 1972 ஜனவரி 2 ஆம் திகதி, 93 ஆம் வயதிற் காலமானார்.

மாணவர்களே, பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கற்க எண்ணும் உங்களில் சிலர், விரும்பிய பாடநெறி கிடைக்காமல் வேறொன்றைக் கற்க நேரலாம். இலக்கியம் கற்கச் சென்ற லிலியன் உளவியலுடன் திரும்பினார். அந்த உளவியலைக் கொண்டே ஏனைய முகாமைத்துவ அறிஞர்கள் கவனியாத ஊழியரின் களைப்பையும் விருப்பத்தையும் அவர் ஆராய்ந்தார் என்பதை மனதிற் கொள்க.

நினைவிற் கொள்க

• டெய்லர் – நேர ஆய்வு. கில்பிரெத் தம்பதியினர் – அசைவு ஆய்வு, களைப்பு ஆய்வு.
• 1914 – முகாமைத்துவ உளவியல் நூல்.
• 1915 – கலாநிதிப் பட்டம்.
• 1935 – பேடியூ பல்கலைக்கழகப் பேராசிரியர்.

பயிற்சி வினாக்கள்

1. நேர ஆய்வுக்கும் அசைவு ஆய்வுக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.
2. மூன்று நிலைத் திட்டத்தால் ஊழியரும் நிறுவனமும் பெறும் நன்மைகள் இரண்டு வீதம் தருக.
3. உங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் அசைவு ஆய்வு மூலம் குறைக்கக்கூடிய வீண் அசைவுகள் மூன்றைக் குறிப்பிடுக.