தபால் குமாஸ்தாவின் மனைவி டாக்டர் ஆன கதை

பாண்டுப்பில் இருந்து சொந்த ஊருக்குப் புறப்படும் தமிழர்கள், சென்னை மெயிலைப் பிடிக்கக் கல்யாணுக்குப் போவது வழக்கம். மின்சார ரெயிலில் முலுண்டு, தானா, டோம்பிவிலி தாண்டினால் கல்யாண் வந்துவிடும். மூட்டை முடிச்சுகளோடு பிளாட்பாரத்தில் காத்திருப்பவர்களில் பலருக்கு, அந்த ஊருக்கு உள்ள ஒரு பெருமை தெரியாது.

மேல்நாட்டுக்குப் போய் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண், கல்யாண்காரர். பெயர் ஆனந்திபாய் ஜோஷி.

இன்று பாண்டுப்பில் ஒரு வீட்டுப் பெண் டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால், செய்ய வேண்டியது என்ன என்று எல்லாருக்கும் தெரியும். 12-ம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம் எடுக்க வேண்டும். டியூஷன் வைக்க வேண்டும். "நீட்" தேர்வு எழுத வேண்டும். பாதை கடினமானதுதான். ஆனாலும் பாதை என்று ஒன்று இருக்கிறது.

ஆனந்திபாய்க்கு அப்படி ஒன்று கிடையாது. மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதியவர் அல்ல. காலேஜ் வாசலை மிதித்தவர் அல்ல. அப்படிப்பட்டவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டு இடம் வாங்கினார். அதற்கு அவர் தயார் ஆன விதம் தனிக் கதை.

9 வயதில் திருமணம்

ஆனந்திபாய் பிறந்தது 1865-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி. பெற்றோர் வைத்த பெயர் யமுனா. ஒரு காலத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்து, பிறகு நொடித்துப் போன குடும்பம்.

9 வயதில் திருமணம் முடிந்தது. மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, தபால் இலாகாவில் குமாஸ்தா. மனைவியை இழந்தவர். பெண்ணைவிட ஏறத்தாழ 20 வயது மூத்தவர்.

கோபால்ராவ் விசித்திரமான மனிதர். பெண்கள் படிக்க வேண்டும் என்பது அவருக்குப் பைத்தியமாகவே இருந்தது. வரதட்சணை பேசுகிற காலத்தில், பெண்ணைப் படிக்க வைக்கச் சம்மதிக்க வேண்டும் என்று பேசி முடித்தார். கல்யாணத்துக்குப் பிறகு யமுனா, ஆனந்தி ஆனாள்.

குமாஸ்தா உத்தியோகத்தில் மாற்றல் வந்துகொண்டே இருக்கும். அலிபாக், கோலாப்பூர், பம்பாய், கட்ச் பகுதியில் உள்ள புஜ், கல்கத்தா, அதற்கு அருகில் உள்ள செராம்பூர் என்று குடும்பம் ஊர் ஊராகப் போயிற்று. போன இடம் எல்லாம் பாடப் புத்தகமும் கூடவே போயிற்று. எழுதப் படிக்க, கணக்கு, சரித்திரம், பூகோளம், இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் கணவர்தான் வாத்தியார்.

அந்த வாத்தியார் நல்லவர் என்று முழுமனதோடு சொல்ல முடியாது. புத்தகத்தை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் நின்றால் அடி விழும். மற்ற வீடுகளில் சமைக்காத மனைவிக்கு அடி, இந்த வீட்டில் படிக்காத மனைவிக்கு அடி! சின்ன வயதில் கட்டையால் அடி வாங்கியதையும், நாற்காலி தன் மீது வீசப்பட்டதையும், விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்ற மிரட்டலையும் ஆனந்திபாய் மறக்கவில்லை. பின்னாளில் அமெரிக்காவில் இருந்து கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவற்றை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். அவர் இல்லை என்றால் ஆனந்திபாய் படித்திருக்க மாட்டார் என்பது உண்மை. அதற்காக அந்த அடிகளை நியாயம் என்று சொல்லிவிட முடியாது.

10 நாள் குழந்தை

14 வயதில் ஆனந்திபாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாளில் இறந்தது. சரியான வைத்தியம் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஆண் டாக்டர் முன்னால் நிற்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்த பெண்கள் ஏராளம். பெண் டாக்டரோ, தேடினாலும் கிடைப்பது அரிது. பிள்ளைப்பேற்றில் தாய் சாவதும் சேய் சாவதும் தலைவிதி என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அதுவரை கணவரின் பிடிவாதத்துக்காகப் படித்தவர், அந்தச் சாவுக்குப் பிறகு தனக்காகப் படித்தார். டாக்டர் ஆவது என்று முடிவு செய்தார்.

பல் ஆஸ்பத்திரியில் கிடைத்த பத்திரிகை

கோலாப்பூரில் இருந்தபோது, அமெரிக்கப் பாதிரியார் வைல்டர் என்பவருக்குக் கோபால்ராவ் கடிதம் எழுதினார். மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க வேண்டும், தனக்கும் அங்கு ஒரு வேலை வேண்டும் என்பது கோரிக்கை. கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தால் உதவி செய்யலாம் என்ற கருத்தில் பதில் வந்தது. ஜோஷி தம்பதி அதற்கு இணங்கவில்லை. காரியம் அதோடு முடிந்தது போல் இருந்தது.

ஆனால் பாதிரியார் அந்தக் கடிதப் போக்குவரத்தைத் தன் பத்திரிகையில் அச்சிட்டிருந்தார். நியூஜெர்சி மாநிலம் ரோசல் என்ற ஊரைச் சேர்ந்த கார்ப்பெண்டர் அம்மையார், 1880-ல் பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது அந்தப் பழைய பத்திரிகையைப் புரட்டினார். அவருக்கு மனம் இளகியது. முன்பின் தெரியாத பெண்ணுக்குக் கடிதம் போட்டார். சில ஆண்டுகள் கடிதத்திலேயே பழகி, இருவரும் அத்தையும் மருமகளும் போல ஆகிவிட்டார்கள்.

இந்தக் கடிதங்களையும் தயாரிப்பின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். ஆனந்திபாயின் இங்கிலீஷ் வளர்ந்தது அவற்றில்தான்.

வெளியே ஏச்சுப் பேச்சுக்குக் குறைவு இல்லை. பம்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனபோது தெருவில் கேலி செய்தார்கள். கல்கத்தாவில் கணவரோடு வெளியே நடந்தால், மானமுள்ள குடும்பப் பெண்தானா என்று சந்தேகப்பட்டார்கள். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. தலைவலி, காய்ச்சல், களைப்பு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. படிப்புக்கு அத்தனை பாடுபட்ட கணவர், உடம்பைக் கவனிக்க அதில் கால் பங்கு பாடுபட்டிருக்கலாம்.

சென்னை இருக்க அமெரிக்கா ஏன்?

1883-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் ஆனந்திபாய் பேசினார். 18 வயதுகூட நிரம்பாத பெண். கூட்டம் திரண்டு வந்திருந்தது. அமெரிக்காவுக்கு ஏன் போகிறேன் என்பதே பேச்சு.

இந்தியாவிலேயே படிக்கக் கூடாதா என்ற கேள்வியை அவரே எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். அதில் சென்னையும் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதலில் சேர்ந்த நான்கு பேரில் ஒருவர், சென்னையில் வக்கீலாக இருந்த வெள்ளைக்காரரின் மனைவி மேரி ஷார்லிப். ஆனால் அங்கே சொல்லித் தருவது நிறைவாக இல்லை, ஆசிரியர்கள் பழைய போக்கு உள்ளவர்கள் என்பது ஆனந்திபாயின் எண்ணம். இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்புவேன் என்றும் உறுதி சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பிறகு பல ஊர்களில் இருந்து நன்கொடை வந்தது. நகைகளை விற்ற பணமும் சேர்ந்தது. கணவர் உடன் போகவில்லை.

1883-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி கல்கத்தாவில் கப்பல் ஏறினார். ஜூன் மாதம் நியூயார்க் துறைமுகத்தில் கார்ப்பெண்டர் அம்மையார் காத்திருந்தார்.

அதே 1883-ல்தான் பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. இன்று ஜே.ஜே. ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கிற கல்லூரிதான் அது. சில ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தால் கல்யாண் பெண் கடல் கடந்திருக்க வேண்டியது இல்லை.

அந்த ஒரு கடிதம்

பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி இருந்தது. 1850-ல் தொடங்கியது. பெண்களுக்கு என்றே மருத்துவம் கற்பித்த பழம்பெரும் கல்லூரி. ஜூன் மாதக் கடைசியில் ஆனந்திபாய் அதற்கு மனு எழுதினார்.

சான்றிதழ் எதுவும் இணைக்க முடியாது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதினார். வயது 18. கணக்கு, இலக்கணம், சரித்திரம், பூகோளம் இன்ன அளவு தெரியும். பேசத் தெரிந்த மொழிகள் ஏழு. அந்த ஏழு மொழி, கணவருக்கு வந்த மாற்றல் உத்தரவுகளின் பலன் என்றே சொல்லலாம்!

கல்லூரி கேட்கும் தகுதி தன்னிடம் முழுமையாக இல்லை என்பதையும் மறைக்கவில்லை. உறவும் சாதியும் சேர்ந்து எதிர்த்தும் இவ்வளவு தூரம் வந்த மன உறுதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது கடிதத்தின் சாரம். ஆண் டாக்டரிடம் போவதைவிடச் சாகத் துணியும் தன் நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் செய்யவே படிப்பைக் கேட்பதாகவும் சொல்லியிருந்தார்.

கல்லூரித் தலைவி ரேச்சல் பாட்லி ரசாயனப் பேராசிரியை. அவர் ஆனந்திபாயைச் சேர்த்துக்கொண்டார். படிப்புக்கு உதவித் தொகையும் கிடைத்தது.

பிலடெல்பியா குளிர் பம்பாய்க்காரருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனந்திபாய் சைவ உணவை விடவில்லை. புடவையையும் விடவில்லை. தங்கியிருந்த அறையில் கணப்பு சரியில்லை. தொண்டை அடைப்பான் நோய் வந்தது. பிறகு காச நோய் பற்றியது. இத்தனையோடும் பாடம் படித்தார். இந்துக்களிடையே பிள்ளைப்பேறு வைத்திய முறை பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

1886-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி பட்டம் கிடைத்தது. பண்டித ரமாபாய் விழாவுக்கு வந்திருந்தார். முந்திய ஆண்டே அமெரிக்கா வந்து சேர்ந்த கோபால்ராவும் இருந்தார். ஆனந்திபாய்க்கு அடுத்தபடி அதே கல்லூரியில் ஜப்பானியப் பெண் கெய்கோ ஒகாமி 1889-லும், சிரியாவைச் சேர்ந்த ஒரு பெண் 1890-லும் பட்டம் பெற்றார்கள். இந்த மூவரும் அவரவர் நாட்டு உடையில் நிற்கும் 1885-ம் ஆண்டு புகைப்படம் பிரபலமானது.

கோலாப்பூர் சமஸ்தானம், ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியின் பெண்கள் பகுதிக்கு ஆனந்திபாயை டாக்டராக நியமித்தது. ஒரு காலத்தில் தபால் குமாஸ்தாவின் மனைவியாகக் குடியிருந்த அதே ஊர்.

1886 இறுதியில் கப்பல் பம்பாய் வந்தபோது வரவேற்பு பலமாக இருந்தது. ஆனால் இறங்கியவர் நடக்கவே சிரமப்பட்டார். புனேயில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். குணம் ஆகவில்லை. 1887-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி உயிர் பிரிந்தது. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 22 வயது நிரம்பியிருக்கும். கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் அவர் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்கவில்லை.

சாம்பலைக் கோபால்ராவ் அமெரிக்காவுக்கு அனுப்பினார். கார்ப்பெண்டர் அம்மையார் அதை நியூயார்க் மாநிலம் பொகிப்சி நகரத்தில், தன் குடும்பக் கல்லறையில் வைத்துப் புதைத்து, மேலே பெயர் பொறித்த கல் நாட்டினார்.