பேய்க் காதல் நாவல் பிடிக்குமா? பிராம் ஸ்டோக்கரின் வாழ்க்கையையும் அதில் பேராக்கின் சின்னப் பங்கையும் தெரிஞ்சுக்குங்க

கதாநாயகனுக்குக் கோரைப்பல். இல்லேன்னா கொம்பு, வால், செதில். ஆனாலும் கதாநாயகிக்கு அவன் மேல்தான் காதல்.

'மான்ஸ்டர் ரொமான்ஸ்' என்று சொல்லப்படும் இந்த நாவல்களைக் கைப்பேசியில் இறக்கி, விளக்கை அணைத்த பிறகும் படிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று இதமானது: சின்ன ஊர், தேநீர்க் கடை, பக்கத்து வீட்டில் ஓர் ஓநாய் மனிதன், கடைசியில் கல்யாணம். இன்னொன்று இருட்டானது: கோட்டை, ரத்தம், ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் தவிக்கும் மனசு.

வீட்டில் யாராவது அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டால் கேள்வி வரும். இதெல்லாம் ஒரு புத்தகமா? பேயோடு என்ன காதல்?

இந்தக் கேள்வியின் வேரைத் தேடிப் போனால், பிராம் ஸ்டோக்கர் என்ற அயர்லாந்துக்காரரிடம் வந்து நிற்போம். 1897-இல் 'டிராகுலா' நாவலை எழுதியவர். அவர் மலாயாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் பேராக்கைச் சுற்றிப் பார்த்து எழுதப்பட்ட ஒரு புத்தகம் அவருடைய குறிப்புகளில் இருக்கிறது.

படுக்கையில் கிடந்த பையன்

ஸ்டோக்கர் 1847 நவம்பர் 8-ஆம் தேதி டப்ளின் நகருக்கு அருகில் உள்ள குளோன்டார்ஃபில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். என்ன நோய் என்று யாருக்கும் புரியாத ஒரு நோயால், ஏறத்தாழ ஏழு வயது வரை படுக்கையிலேயே கிடந்தார்.

நடக்க முடியாத பையனுக்கு அம்மா சார்லட் கதை சொன்னார். அம்மாவின் ஊர் ஸ்லைகோ. 1832-இல் அங்கே காலரா பரவியபோது அவர் சிறுமி. உயிர் போகும் முன்னரே ஆட்களைப் புதைத்த கதைகளெல்லாம் அவருக்குத் தெரியும். அதையெல்லாம் மகனுக்குச் சொன்னார்.

நம்ம தோட்டப்புறத்துப் பாட்டிகளை நினைத்துப் பாருங்க. லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு, பால்மரக் காட்டுக்குள் நடமாடும் மோகினியைப் பற்றிச் சொன்னவர்கள் அவர்கள். கேட்கிற பிள்ளைக்குப் பயம்தான். ஆனால் பாட்டியின் மடி பக்கத்தில் இருக்கிறது. பயமும் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் கிடைக்கிற அந்தச் சுகம்தான் இந்த வகை நாவலின் அடிப்படை. ஸ்டோக்கருக்கு அது படுக்கையிலேயே கிடைத்துவிட்டது.

பிறகு உடம்பு தேறியது. எப்படித் தேறியது? டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பேர்பெற்ற விளையாட்டு வீரராகும் அளவுக்கு.

நாலு வருஷம் அனுப்பாமல் வைத்திருந்த கடிதம்

அப்பா டப்ளின் கோட்டையில் அரசாங்க வேலை பார்த்தவர். மகனும் அதே வழியில் போனார். ஸ்டோக்கர் எழுதிய ஆரம்பப் புத்தகங்களில் ஒன்று, அயர்லாந்து நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகளைப் பற்றியது. தலைப்பைக் கேட்டாலே தூக்கம் வரும்.

ஆனால் உள்ளுக்குள் அவர் தீவிரமான வாசகர். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகளை அப்போது பலர் அசிங்கம் என்று ஒதுக்கினார்கள். ஸ்டோக்கருக்கு அவை உயிர். 1872-இல் விட்மனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தன் உயரம், எடை, முகம், குணம் எல்லாவற்றையும் அதில் கொட்டினார். அனுப்பத் தைரியம் வரவில்லை. நாலு வருஷம் வைத்திருந்து, 1876-இல்தான் அனுப்பினார். விட்மன் அன்போடு பதில் எழுதினார்.

பிடித்த எழுத்தாளருக்கு மெசேஜ் அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும்.

அதே காலத்தில் ஸ்டோக்கர் 'டப்ளின் ஈவினிங் மெயில்' பத்திரிகைக்குச் சம்பளமில்லாமல் நாடக விமர்சனம் எழுதினார். அந்தப் பத்திரிகையின் உரிமையாளர்களில் ஒருவராக இருந்தவர் ஷெரிடன் லெ ஃபானு. ஓர் இளம்பெண்ணும் அவளை நேசிக்கும் ரத்தக்காட்டேரிப் பெண்ணும் வரும் 'கார்மில்லா' கதையை எழுதியவர் இவர்தான். அது டிராகுலாவுக்கு 25 ஆண்டுகள் மூத்தது.

1876-இல் எழுதிய ஒரு விமர்சனம் ஸ்டோக்கரின் வாழ்க்கையை மாற்றியது. ஹாம்லெட்டாக நடித்த ஹென்றி இர்விங்கை அவர் பாராட்டி எழுத, இருவரும் நண்பர்களானார்கள். 1878-இல் ஃபுளோரன்ஸ் பால்கோமை மணந்துகொண்டு ஸ்டோக்கர் லண்டன் போனார். அங்கே இர்விங்கின் லைசியம் நாடக அரங்கத்துக்கு நிர்வாகி ஆனார். கணக்கு, டிக்கெட், வெளியூர்ப் பயணம், கடிதப் போக்குவரத்து எல்லாம் அவர் தலையில். நாவல் எழுதியது கிடைத்த நேரத்தில்தான்.

யானை மேல் வந்த பெண்மணி

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

ஸ்டோக்கர் லண்டனில் குடியேறிய சில மாதங்களில், 1879-இன் தொடக்கத்தில், இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி பேராக்குக்கு வந்தார். தைப்பிங் பக்கத்திலிருந்து கோலகங்சாருக்கு யானை மேல் போனார். அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் வீட்டில் தங்கினார்.

லோ அப்போது ஊரில் இல்லை. சாப்பாட்டு மேசையில் பேர்டுக்குத் துணையாக நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டவை இரண்டு குரங்குகள். ஒன்றின் பெயர் மஹ்மூத். மற்றதன் பெயர் இப்லிஸ், அதாவது சாத்தான். பேர்டுக்கு இப்லிஸ் மேல் பாசம் வந்துவிட்டது. இதமான வகை மான்ஸ்டர் கதைக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் வேண்டுமா?

தங்கைக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1883-இல் 'தி கோல்டன் கெர்சனீஸ்' என்ற புத்தகமாயின. பொன் தீபகற்பம் என்று அர்த்தம். மலாய்க்காரர்களின் நம்பிக்கைகளைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். பகலில் மனிதனாகவும் இரவில் புலியாகவும் இருப்பவர்கள் அதில் வருகிறார்கள். உடம்பின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, ரத்த தாகத்தோடு இரவில் பறந்து போகும் பெண்ணும் வருகிறாள். நாம் பெனாங்காலான் என்று கேள்விப்பட்ட அதே பேய்தான்.

டிராகுலாவுக்காக ஸ்டோக்கர் எடுத்த குறிப்புகள் இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ரோசன்பாக் நூலகத்தில் இருக்கின்றன. அவர் பயன்படுத்திய புத்தகங்களின் பட்டியலில் இசபெல்லா பேர்டின் இந்தப் புத்தகமும் இருக்கிறது. இதனால் டிராகுலா ஒரு மலாய்ப் பேய் என்று சொல்லிவிட முடியாது. திரான்சில்வேனியா, ஓநாய் மனிதர்கள், கடல், கல்லறை என்று பல புத்தகங்களை அவர் படித்தார். அந்த மேசையில் பேராக்கைப் பற்றிய பக்கங்களும் இருந்தன என்பது மட்டும் உறுதி.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே கோலகங்சார் ரெசிடென்ட் வீட்டுத் தோட்டத்தில்தான் 1877-இல் சில ரப்பர் கன்றுகள் நடப்பட்டிருந்தன. பிற்காலத்தில் நம் கொள்ளுத் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி வரவைத்த அந்த மரம், பேர்ட் வந்தபோது இளங்கன்றாக அங்கே நின்றது.

முதல் குறிப்பே ஒரு முத்தம்தான்

டிராகுலாவுக்கான குறிப்புகள் 1890 மார்ச் மாதம் தொடங்குகின்றன. கோட்டையின் வரைபடமோ ரத்தக்காட்டேரியின் வரலாறோ உருவாகும் முன்பே, ஒரு காட்சி அதில் வந்துவிடுகிறது. ஓர் இளைஞன் சில பெண்களைப் பார்க்கிறான். ஒருத்தி அவனுக்கு முத்தம் கொடுக்க வருகிறாள், உதட்டில் அல்ல, கழுத்தில். அப்போது கிழட்டுப் பிரபு கோபத்தோடு குறுக்கிடுகிறார்.

ஆசையும் பயமும் பிரிக்க முடியாமல் கலந்த இந்தக் காட்சியைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் வளர்ந்தது. அச்சான நாவலிலும் இது இருக்கிறது. ஆக, திகில் கதைக்குள் காதலை யாரோ பிற்காலத்தில் திணித்தார்கள் என்று சொல்ல முடியாது. விதையிலேயே அது இருந்தது.

அந்த ஆண்டு கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊருக்குப் போனபோது, அங்கிருந்த நூலகப் புத்தகம் ஒன்றில் டிராகுலா என்ற பெயரைக் கண்டுபிடித்தார். திரான்சில்வேனியாவுக்கு அவர் கடைசி வரை போகவே இல்லை. எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். லண்டன் நூலகத்தில் அவர் பென்சிலால் கோடு போட்ட, ஓரம் மடித்த 26 புத்தகங்களை 2018-இல் அடையாளம் கண்டார்கள். ஏழு வருஷப் படிப்பு, ஒரு நாவல். 1897 மே மாதம் வெளிவந்தது.

எழுதியவரே தடை கேட்டார்

டிராகுலா நன்றாகத்தான் பேசப்பட்டது. ஆனால் ஸ்டோக்கரைப் பணக்காரராக்கவில்லை. 1905-இல் இர்விங் இறந்தார். அடுத்த ஆண்டு ஸ்டோக்கருக்குப் பக்கவாதம் வந்தது. 1912 ஏப்ரல் 20-ஆம் தேதி, டைட்டானிக் மூழ்கிய அதே வாரத்தில், லண்டனில் காலமானார். வயது 64.

அதற்கு முன், 1908-இல், அவர் ஒரு கட்டுரை எழுதினார். காம உணர்வைத் தூண்டும் நாவல்கள் சமூகத்தைக் கெடுக்கின்றன, புனைகதைக்குத் தணிக்கை வேண்டும் என்பது அதன் சாரம்.

கழுத்து முத்தத்தை எழுதியவரா இப்படி? அவர் தன் நாவலை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. ஒன்று மட்டும் தெளிவு. இளவயதில், ஊரே திட்டிய கவிதைகளைக் காதலித்து ஒளித்துவைத்த கடிதத்தை எழுதிய அதே கைதான், வயதான பிறகு மற்றவர்கள் படிப்பதற்கு வேலி கேட்டது. புத்தகத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் கோபப்படுவதற்கு முன், இதை நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் இருபது வயதில் தலையணைக்கு அடியில் எதை வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை.

பேய் எப்படிக் காதலன் ஆனது?

நாவலில் வரும் டிராகுலா அழகனே இல்லை. மீசை வைத்த கிழவர், உள்ளங்கையில் முடி, வாயில் நாற்றம்.

அவரை மாற்றியது மேடை. 1924-இல் ஹாமில்டன் டீன் இந்தக் கதையை நாடகமாக்கினார். நாடகம் பெரும்பாலும் வீட்டு வரவேற்பறையில் நடப்பதால், உள்ளே விடத்தக்க விருந்தாளியாக டிராகுலா தெரிய வேண்டும். அதனால் மாலை நேரக் கோட்டும் நீண்ட மேலங்கியும் வந்தன. 1931 ஹாலிவுட் படத்தில் பேலா லுகோசி அந்த உடையில் நின்றபோது, ரசிகர்கள் பயந்ததோடு மயங்கவும் செய்தார்கள்.

1976-இல் ஆன் ரைஸ் எழுதிய நாவலில் ரத்தக்காட்டேரியே தன் கதையைச் சொன்னது. 1992-இல் கொப்போலாவின் படம், இறந்த மனைவியை நூற்றாண்டுகள் கடந்து தேடும் காதலனாக டிராகுலாவைக் காட்டியது. 2005-இல் 'ட்வைலைட்' வந்தது. இன்று நீங்கள் படிக்கும் கொம்பு வைத்த கதாநாயகன் இந்த வரிசையில் வந்தவன்தான்.

நம்ம பக்கம் இது புதுசும் இல்லை. மகாபாரதத்தில் அரக்கி இடும்பி, தின்ன வந்த இடத்தில் பீமனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். 1957-இல், இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' மலாய்ப் படத்தில், பேயாக மாறுபவள் கணவனை நேசிக்கும் ஒரு மனைவி. அந்தப் படத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

இப்போ என்ன படிக்கலாம்?

டிராகுலாவின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதல் நாலு அத்தியாயங்களை மட்டும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்க. கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட இளைஞன் அந்தப் பெண்களைப் பார்க்கும் இடம் அங்கேதான் வருகிறது. அவன் ஏன் கண்ணை முழுசாக மூடவில்லை என்று கவனியுங்க.

அடுத்த தடவை கோலகங்சார் பக்கம் போனால், 1877-இல் நட்ட கன்றுகளில் மிஞ்சிய பழைய ரப்பர் மரத்தையும் பார்த்துவிட்டு வாங்க. நம் குடும்பங்களின் கதையும், லண்டன் வரை போன ஒரு பேய்க் கதையும் ஒரு காலத்தில் அந்த ஒரே தோட்டத்தைத் தொட்டுப் போயிருக்கின்றன.