வைஃபையை கண்டுபிடித்தது ஹாலிவுட் நடிகையா? யார் இந்த ஹெடி லமார்?

காதில் ப்ளூடூத் ஹெட்செட், வீட்டில் வைஃபை, சமையலறையில் மைக்ரோவேவ் அவன். இந்த மூன்றுக்கும் ஒரே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். இந்தப் பாதைக்கு லைசென்ஸ் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதனால் எப்போதும் நெரிசல்தான். ஆனாலும் பாட்டு நிற்காமல் கேட்கிறதே, எப்படி? இதற்கான பதிலில் ஒரு சினிமா நடிகையின் பெயரும் இருக்கிறது.

யார் இவர்?

1914ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தவர் ஹெட்விக் கீஸ்லர். சின்ன வயதிலேயே நடிக்க வந்துவிட்டார். 1933இல் ஆயுதத் தொழிலதிபர் ஃப்ரிட்ஸ் மாண்டலுடன் திருமணம் நடந்தது. ஆனால் அந்த வாழ்க்கை அவருக்குச் சிறைபோல இருந்தது. 1937இல் தப்பித்து வெளியேறி, ஹாலிவுட்டில் ஹெடி லமார் ஆனார். உலகின் பேரழகி என்று கொண்டாடினார்கள். அந்த அழகைத் தாண்டி அவரை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் சோகம்.

டார்பிடோவும் பியானோவும்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். கப்பலைத் தாக்கும் டார்பிடோவை ரேடியோ மூலம் இயக்கினால், எதிரி அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பி அதைத் திசைமாற்றிவிடலாம். ஹெடிக்கு ஒரு யோசனை வந்தது. சிக்னல் ஒரே இடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருந்தால் எதிரி எதைத் தடுப்பான்?

அனுப்புகிற கருவியும் வாங்குகிற கருவியும் ஒரே நேரத்தில் தாவ வேண்டுமே! இதற்கு வழி சொன்னவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீல். தானாக வாசிக்கும் பியானோவில் இருப்பதுபோல, துளையிட்ட காகிதச் சுருளை இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடவிடுவது. பியானோ கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள். 1942 ஆகஸ்டில் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. அதில் இருந்த பெயர் ஹெடி கீஸ்லர் மார்க்கி.

கடற்படை என்ன செய்தது?

அமெரிக்கக் கடற்படை அதைப் போரில் பயன்படுத்தவில்லை. ஹெடியோ தன் புகழை வைத்துப் போர்க்கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தார். காப்புரிமையும் 1959இல் காலாவதியானது. அதிலிருந்து அவருக்கு ஒரு பைசா வரவில்லை.

அப்போ வைஃபை?

வைஃபையை அவர் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியல்ல. அலைவரிசை தாவல் என்ற யோசனை அவருக்கு முன்பே சிலருக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைய வைஃபை அப்படித் தாவுவதும் இல்லை. தாவுவது ப்ளூடூத்தான். வழக்கமான ப்ளூடூத் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 முறை வரை தாவும். வைஃபை நிறைந்த சேனல்களைக் கண்டுகொண்டு ஒதுங்கியும் போகும். இது ஹெடியின் வரைபடத்தை அப்படியே எடுத்துச் செய்ததல்ல. ஆனால் அடிப்படை அதேதான். அன்று எதிரியிடமிருந்து தப்பிக்கத் தாவினார்கள், இன்று பக்கத்து வீட்டு ரூட்டரிடமிருந்து தப்பிக்கத் தாவுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தாமதமாக வந்த மரியாதை

1985இல் அமெரிக்கா இந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாத தகவல்தொடர்புக்குத் திறந்துவிட்டது. 1997இல்தான் ஹெடிக்கு முன்னோடி விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 82. ஆன்தீல் இறந்து 38 வருடம் ஆகியிருந்தது. 2000 ஜனவரியில் ஹெடியும் காலமானார். அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் இருவர் பெயரும் ஏறியது 2014இல். அது ஹெடி பிறந்து நூறாவது வருடம்.

செய்யாத வைஃபையை அவர் பெயரில் எழுத வேண்டியதில்லை. செய்ததைச் சரியாகச் சொன்னாலே போதும், அதுவே பெரிசு.